முந்தானை வைத்த விமானம்

மூன்று வருஷம் பாடுபட்டு, மனுஷன் காலால் மிதித்துப் பறக்கிற விமானம் ஒன்றைச் செய்து முடித்த கோதண்டபாணி, அதற்குப் பிறகு ஒரே ஒரு தப்புதான் செய்தான். பட்டு நூல் வேண்டுமென்று சங்கத்துக்கு மனு எழுதினான்.

கோதண்டபாணிக்குத் தறிகளில் பூ வேலைக்கு இழை தூக்கிக் கொடுக்கிற ஜக்கார்டு பெட்டியை ரிப்பேர் செய்கிற வேலை. அவன் மனைவி கலாவதி குழித்தறியில் பட்டுச் சேலை நெய்பவள். தறி அவள் அப்பா விட்டுப்போனது என்பதால், ஸ்ரீ மகாமேரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் என்ற கௌரவமும் அவளுக்கே. மூன்றாவது ஆள் ஃபக்ருதீன் பாய், பஸ் நிலையத்துக்குப் பின்னால் சைக்கிள் கடை வைத்திருந்தவர். அவர் கடைக்கு வந்த பழைய பேப்பர் கட்டில் ஓர் இங்கிலீஷ் பத்திரிகை இருந்தது. அதில் வெள்ளைக்காரன் ஒருவன் சைக்கிள் மாதிரி எதையோ மிதித்துக்கொண்டு தரைக்கு மேலே மிதந்துகொண்டிருந்தான். "இதுல இன்னாப்பா இருக்குது, சங்கிலியும் மூங்கிலும்தானே" என்று பாய் சொன்னார். அந்த ஒரு வார்த்தை மூன்று வருஷத்தை விழுங்கியது.

எழுபத்திரண்டாம் வருஷம் பங்குனியில் தாமல் ஏரி வற்றி மைதானமாகக் கிடந்தது. விடியற்காலையில், காற்று எழுவதற்கு முன்னால், விமானத்தை அங்கே கொண்டுபோய்ப் பூட்டினார்கள். இரண்டு பக்கமும் பட்டக் காகிதம் ஒட்டிய நீள இறக்கை, பின்னால் மர விசிறி, நடுவில் ஒரு சைக்கிள் சீட்டு. சீட்டில் கலாவதி உட்கார்ந்தாள். மூன்று பேரில் இலேசானவள் அவள்தான், நாற்பத்தொரு கிலோ. போதாததற்கு, பதினாலு வருஷம் தறிப்பலகையை மிதித்த கால்கள். அவள் மிதிக்க மிதிக்க விசிறி சுழன்றது, சக்கரம் உருண்டது, பிறகு சக்கரத்தின் சத்தம் நின்றுவிட்டது. தரைக்கு ஒரு முழம் மேலே அறுபது கஜ தூரம் போனாள். அதற்குள் காகிதம் டர்ரென்று கிழிய, விமானம் கோழி உட்காருவது போல உட்கார்ந்துவிட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு அழுதாள்.

"பதினாலு வருசமா குழிக்குள்ள காலை வுட்டுக்கினு பூமிக்குக் கீழ மிதிக்கிறேன். இன்னிக்குத்தான் மேல மிதிச்சேன்" என்றாள். "இன்னொரு வாட்டி போவணும்ங்க. அந்தாண்ட முனை வரைக்கும்."

அவள் கல்யாணமான நாளாக எதுவும் கேட்டதில்லை. எப்படியாவது இவளை அந்தாண்ட முனைக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று கோதண்டபாணி அந்த இடத்திலேயே முடிவு செய்துகொண்டான்.

மணல் பைகளைக் கட்டிக் கட்டிப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. விமானமும் ஆளும் சேர்ந்து எண்பது கிலோ வரை இருந்தால் எழும்பும். அதற்கு மேல் கால் கிலோ போனாலும் எழும்பாது. இப்போது எழுபத்தெட்டு. காகிதத்தை எடுத்துவிட்டு மெல்லிய பட்டைப் போர்த்தினால் ஒரு கிலோ கூடும், எழுபத்தொன்பது. கிழியவும் கிழியாது. அதற்கு இரண்டு கிலோ கச்சாப் பட்டு போதும்.

"வெளியில வாங்கிக்கலாம்பா, எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்கறான்" என்றார் பாய்.

"வேணாம் பாய். மெம்பர் தறியில வெளி நூலு ஏத்தக்கூடாது. சங்கத்துல அவ தறி நம்பர் போயிடும்."

காஞ்சிபுரத்தில் சங்கம் நூலை நிறுத்துக் கொடுக்கும், சேலையை நிறுத்து வாங்கும். எடை குறைந்தால் திருட்டு, கூடினால் கலப்படம். ஆக, நெசவாளி என்பவன் தராசு முள் நடுவில் நிற்கிற ஒரு நிமிஷத்துக்கு மட்டும் யோக்கியன்.

மனு நிர்வாகக் குழுவுக்குப் போயிற்று. கோதண்டபாணியைக் கூப்பிட்டனுப்பினார்கள். சங்கத் தலைவர் ராமலிங்கம் இருபது வருஷமாக அதே நாற்காலியில் இருப்பவர். நாற்காலியை இரண்டு முறை மாற்றியிருந்தார்கள், அவரை மாற்றவில்லை. அவருக்கு வலப்பக்கம் தரப் பரிசோதகர் ராஜகோபால். சேலையைக் கையில் வாங்கின மாத்திரத்தில் எடை சொல்லிவிடுவார், தராசு பிறகு அதை ஒப்புக்கொள்ளும்.

"இது இன்னா வகை?" என்று கேட்டார் ராஜகோபால்.

"விமானம்ங்க."

அவர் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தார். "சேலை இருக்குது. பாவாடை இருக்குது. வேட்டி, அங்கவஸ்திரம், ரவிக்கைத் துண்டு இருக்குது. விமானம் இல்லியேப்பா."

"புதுசா எழுதிக்க முடியாதுங்களா?"

"எழுதலாம். சென்னைக்கு எழுதி, அவங்க டில்லிக்கு எழுதி, பதில் வரதுக்குள்ள உன் விமானம் துருப்பிடிச்சிடும்."

"மூங்கிலுங்க. துருப்பிடிக்காது."

"அப்ப செல்லு அரிச்சிடும்."

தலைவர் தலையிட்டுப் பெருந்தன்மையாக ஒரு வழி சொன்னார். இறக்கைகளின் அளவைப் பார்த்தால் பத்துச் சேலை அளவு வருகிறது. ஆகையால் விமானத்தைப் பத்துச் சேலை என்று பதிவு செய்துகொள்ளலாம். கோதண்டபாணி கும்பிட்டான். ஆபீசில் இப்படி ஒரு நல்லது நடக்கும் என்று அவன் எதிர்பார்த்திருக்கவில்லை.

ராஜகோபால் மனுவைத் திரும்பப் பார்த்தார். "பத்துச் சேலைக்கு ரெண்டு கிலோவா? ஒரு சேலைக்கு எரநூறு கிராம். இத்த சேலைன்னு நான் எப்படி முத்திரை வெக்கிறது?"

"பறக்கறதுக்கு இலேசா இருக்கணும்ங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். பேசப்போகிறார் என்று தெரிந்து குமாஸ்தா மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தார்.

"காஞ்சிப் பட்டுன்னா இன்னா? கனம். தோள்ல போட்டா தோள் எறங்கணும். இலேசான பட்டு வேணும்னு எத்தினியோ பேரு என்னாண்ட வந்துட்டாங்க. வியாபாரி வந்தான், எக்ஸ்போர்ட்டுக்காரன் வந்தான், என் சொந்தப் பொண்ணே வந்து கழுத்து வலிக்குதுன்னு அழுதுது. நான் அசையல. இருபது வருசமா இந்த நாற்காலியில உக்காந்துக்கினு இன்னா கிழிச்சேன்னு ஊர்ல கேக்கறாங்க. கனத்தைக் காப்பாத்தினேன். உன் விமானம் இன்னிக்குப் பறக்கும், நாளைக்கு எறங்கும். கனம் எறங்கினா திரும்ப ஏறாது. பறக்கறது உன் வேலை, கனம் எங்க வேலை. அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாக்கணும்."

சேலை ஒன்றுக்கு எண்ணூறு கிராம் என்று தீர்மானம் ஆயிற்று. கோதண்டபாணி கேட்டது இரண்டு கிலோ, கிடைத்தது எட்டு. மனுவில் கேட்டதைப் போல நாலு மடங்கு கொடுத்த சங்கம் இந்தியாவிலேயே இதுதான் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த கூட்டம் முந்தானைக்காக. சேலை என்றால் பார்டர் வேண்டும், உடல் வேண்டும், முந்தானை வேண்டும். பார்டரை இறக்கையின் ஓரத்தில் வைத்துவிடலாம். முந்தானையை எந்தப் பக்கம் வைப்பது என்று இரண்டு நாள் விவாதம் நடந்தது. பெண்கள் முந்தானையை இடது தோளில் போடுகிறார்கள், ஆகவே பத்து முந்தானையும் இடது இறக்கைக்கே என்று ஏகமனதாக முடிவானது. முந்தானை என்றால் முழுக்க ஜரிகை.

"ஒரு பக்கம் மட்டும் பாரம் வெச்சா சாயும்ங்க" என்று கோதண்டபாணி கெஞ்சினான். "வெச்சாத்தான் ஆவும்னா ரெண்டு பக்கமும் வையுங்க."

"ஒரு சேலைக்கு ரெண்டு முந்தானையா?" ராஜகோபாலுக்கு உண்மையிலேயே அருவருப்பாக இருந்தது. "ஊரு சிரிக்கும்பா. பக்கத்துத் தெரு சங்கத்துக்காரன் காறித் துப்புவான்."

கலாவதி ஐந்து மாதம் குழியில் உட்கார்ந்து பத்துத் துண்டையும் நெய்தாள். அவளுக்கு எடையைப் பற்றிக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. நெய்யும்போது சில சமயம் கால் நின்றுவிடும், கண் எங்கேயோ இருக்கும். "பாய்க்கு சொல்லி வையுங்க, சங்கிலிக்கு எண்ணெய் போடச் சொல்லி" என்பாள். ராஜகோபால் நிறுத்தார். எட்டு கிலோ இருநூறு கிராம், நூலுக்கும் ஜரிகைக்கும் சரி. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் ஈய முத்திரை தொங்கவிட்டார். வால் பக்கம் சங்கத்தின் பெயரைத் தாங்கிய தகரப் பலகையை மாட்டினார்கள். அதில் தலைவர் பெயர் பெரிதாகவும் சங்கத்தின் பெயர் அதைவிடக் கொஞ்சம் சிறிதாகவும் இருந்தன. இடப்பக்கச் சாய்வைச் சரிக்கட்ட, பாய் தலையில் அடித்துக்கொண்டே வலது இறக்கையில் ஒரு கிலோ இரும்பைக் கட்டினார்.

எல்லாவற்றையும் கூட்டினால் கலாவதியோடு சேர்த்து எண்பத்தொன்பது கிலோ வந்தது. எழும்புவதற்கு எண்பதுதான்.

கோதண்டபாணி உளியை எடுத்துக்கொண்டு மூங்கில்களைச் சீவ ஆரம்பித்தான். முத்திரை வைத்த பொருளில் கைவைக்கக் கூடாது, மூங்கிலுக்கு முத்திரை இல்லை. ஒரு மாதம் சீவினான். குறுக்கு மூங்கில்களில் பாதியை எடுத்தே விட்டான். ஐந்து கிலோ குறைந்தது. மீதி நாலு கிலோவுக்கு வழி தெரியாமல் அவன் விழித்துக்கொண்டிருந்தபோது, கலாவதி ராத்திரிச் சோற்றை நிறுத்தியிருந்தது அவனுக்குத் தெரியவந்தது. பிறகு பகல் சோறும் பாதியாயிற்று.

"சாப்புடுமா" என்றான்.

"நாலு கிலோதானே. போயிட்டு வந்து சாப்புட்டுக்கறேன்."

அடுத்த கோடையில் ஏரி மறுபடி வற்றியபோது அவள் முப்பத்தேழு கிலோ இருந்தாள். கணக்கு எண்பதில் வந்து நின்றது. ஆனால் கணக்கு காலைப் பிடித்து மிதிக்காது. அவள் உயிரைக் கொடுத்து மிதித்தும் சக்கரம் தரையை விடவில்லை. சோற்றோடு சேர்ந்து பலமும் போயிருந்தது. சீட்டிலிருந்து இறங்கும்போது அவளுடைய தொடை நடுங்கியதைக் கோதண்டபாணி பார்த்தான், பார்க்காதது போல மண்ணைப் பார்த்தான்.

நேராகச் சங்கத்துக்குப் போய், முந்தானையையும் பலகையையும் மட்டும் கழற்றிக்கொள்ள அனுமதி கேட்டான். தலைவர் அவன் கையில் ஓர் அழைப்பிதழைக் கொடுத்தார். மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து. சித்திரை இருபத்தேழாம் தேதி, தாமல் ஏரி, காஞ்சிப் பட்டின் ஆகாயப் பிரவேச விழா. சென்னையிலிருந்து இணை இயக்குநர் வருகிறார்.

"எழும்ப மாட்டேங்குதுங்க ஐயா."

"எங்கேர்ந்து?"

"தரையிலேர்ந்துங்க."

தலைவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப தரை தாழ்வா இருக்குது" என்றார். "ஏரிக்கரை மேல ஏத்தி வுடு. அங்க மதகாண்ட இருபது அடி இருக்குது. எழும்ப வேண்டிய வேலையே இல்ல, ஏற்கெனவே மேலதான் இருக்கும்."

ராஜகோபால் இதைக் குறிப்பேட்டில் எழுதி, தலைவரின் யோசனை என்று அடிக்கோடும் இட்டார். மறுத்தால் தறி நம்பர் ரத்தாகும் என்பதையும் ஞாபகப்படுத்தினார்.

பாய் வீட்டுக்கு வந்து சத்தம் போட்டார். "தறி போனா போவுதும்மா தங்கச்சி. நான் கடையில ஒரு மூலை தரேன், பஞ்சர் ஒட்டு. இது வேணாம்."

கலாவதி புருஷனைப் பார்த்தாள். "மேலேர்ந்து வுட்டா காத்து ஏந்திக்காதா?"

"ஏந்தலாம்" என்றான் கோதண்டபாணி. "ஏந்தாமலும் போவலாம்."

"அப்ப ஏந்தும்" என்று அவள் முடித்துவிட்டாள்.

மூங்கிலை எவ்வளவு சீவியிருக்கிறான் என்பதை அவன் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டாள் என்று பின்னால் பலநாள் நினைத்தான். சொல்லியிருந்தாலும் போயிருப்பாள் என்று வேறு சில நாள் நினைத்தான். இரண்டாவது நினைப்பு வந்த நாட்களில் மட்டும் கொஞ்சம் தூங்கினான்.

விழா காலை ஆறு மணிக்கு இருக்க வேண்டும், காற்று கிளம்பிவிடும் என்று அவன் சொன்னதற்கு, இணை இயக்குநர் ஆறு மணிக்குக் குளிக்கவே மாட்டார் என்று பதில் வந்தது. பத்து மணி என்று போட்டார்கள். அவர் வந்தபோது பன்னிரண்டே முக்கால். மதகுப் பக்கத்துக் கரையில் பந்தல் போட்டிருந்தது. பந்தலுக்கு வெளியே, வெயிலில், விமானத்தின் சீட்டில் கலாவதி ஒன்பதரையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். இறக்கைகள் காற்றில் படபடத்தன. இடது பக்கம் ஜரிகை கண்ணைப் பறித்தது. ஜனங்கள் அதைத்தான் பார்த்தார்கள். விமானம் எவ்வளவு அழகாக இருக்கிறது, கல்யாணத்துக்கே கட்டலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

இணை இயக்குநர் மாலை சூட்டினார், விமானத்துக்கு ஒன்று, கலாவதிக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்து ஒரு கிலோ இருக்கும் என்று கோதண்டபாணிக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. கழற்றப் போனவனின் கையைத் தலைவர் பிடித்துக்கொண்டார். "போட்டோ எடுக்கலப்பா இன்னும்" என்றார். அப்புறம் இணை இயக்குநர் பேசினார்.

"தானே எழும்ப முடியாத ஒன்றை, நாம் எல்லாரும் சேர்ந்து உயரத்தில் ஏற்றி, அங்கிருந்து தள்ளுகிறோம். நண்பர்களே, கூட்டுறவு என்பது வேறென்ன? நம் இயக்கத்தில் எத்தனையோ நெசவாளர்களை இப்படித்தான் ஏற்றி விட்டிருக்கிறோம். அவர்களில் ஒருவராவது திரும்பி வந்து குறை சொன்னதுண்டா?"

கைதட்டல் ஓயச் சிறிது நேரம் ஆயிற்று. நாற்பது நிமிஷம் பேசினார். கலாவதியின் உதடு வெடித்திருந்தது. கோதண்டபாணி தண்ணீர்ச் செம்பை நீட்டியபோது, "வேணாம், அது ஒரு அரைக்கிலோ" என்று சிரித்தாள். அதுதான் அவனிடம் அவள் கடைசியாகப் பேசியது.

தேங்காய் உடைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். சங்கத்து ஆட்கள் ஆறு பேர் ஓடித் தள்ளினார்கள்.

காற்று ஏந்தத்தான் செய்தது. இரண்டு மூச்சு விடுகிற நேரம் விமானம் கரைக்கு நேராக ஆகாயத்தில் நின்றது. அவள் கால்கள் சுழல்வதைக் கோதண்டபாணி பார்த்தான். பிறகு இடது இறக்கை, பத்து முந்தானையோடு, தாழ்ந்தது. காற்று அதன் அடியில் புகுந்து முறுக்கியது. சீவிய மூங்கில் முறிந்த சத்தம் பந்தல் வரை கேட்டது. வாணவேடிக்கை என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள்.

கீழே ஏரி மண்ணில் பட்டு ஒரு குவியலாகக் கிடந்தது. அதற்குள் முறிந்த மூங்கில், அதற்குள் கலாவதி. கோதண்டபாணி பட்டைக் கிழிக்கப் போனபோது ராஜகோபால் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"கிழிக்காத, கிழிக்காத. முத்திரை வெச்ச பட்டு. தையலைப் பிரிச்சு எடுங்கப்பா, ஒண்ணொண்ணா."

சங்கத்து ஆட்கள் தையலைப் பிரிக்க உட்கார்ந்தார்கள். அவர்கள் நெசவாளிகள், நிதானமான கைகள். பாய் டயர் வெட்டுகிற கத்தியோடு கரையிலிருந்து உருண்டு புரண்டு வந்து, யாரையும் கேட்காமல் ஒரே கீறலில் கிழித்தார். இதற்காக அவருக்கு ஒரு நோட்டீஸ் பின்னால் வந்தது. கலாவதிக்கு மூச்சு இருந்தது. ஒரு மூங்கில் விலாவில் ஏறியிருந்தது.

கரைமேல் ஒரு ஜீப் இருந்தது. இணை இயக்குநர் சாப்பாட்டுக்குப் போக வேண்டிய ஜீப். அவர் மனம் கலங்கிப் போயிருந்ததால் உடனே புறப்படும்படி டிரைவரிடம் சொல்லிவிட்டார். தாமலிலிருந்து ஒரு மாட்டுவண்டி கிடைத்தது. வண்டி ஊர் எல்லையைத் தொடுவதற்கு முன்னால் அவள் கை சில்லிட்டுப் போயிருந்தது. கோதண்டபாணி அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, வண்டிக்காரனை அவசரப்படுத்திக்கொண்டே வந்தான்.

சங்கம் இரங்கல் தீர்மானம் நிறைவேற்றியது. விமானம் கிடைமட்டமாக முப்பது அடியும் செங்குத்தாக இருபது அடியும், ஆக ஐம்பது அடி பயணம் செய்ததாகவும், காஞ்சிப் பட்டு எங்கும் இழை பிரியவில்லை என்றும், கிழிசல் ஒன்று மட்டும் வெளியாள் கத்தியால் ஏற்பட்டது என்றும் அறிக்கை சொன்னது. குறைபாடு மூங்கிலில்தான். மூங்கில் சங்கத்தின் பொருள் அல்ல.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், பட்டை ஒப்படைக்கச் சொல்லி ஆள் வந்தது. பிரித்து மடித்து வைத்திருந்த பத்துத் துண்டையும் கோதண்டபாணி சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான். ராஜகோபால் கையில் வாங்கினார். முகம் மாறியது. ஈய முத்திரைகளை அறுத்து எடுத்துவிட்டுத் தராசில் வைத்தார். மறுபடி வைத்தார். மூன்றாம் முறை தலைவரே எழுந்து வந்து முள்ளைப் பார்த்தார்.

"எட்டு கிலோ முந்நூத்திப் பத்து" என்றார் ராஜகோபால். "நூத்திப் பத்து கிராம் கூட வருது. இன்னா கலந்தே? கஞ்சியா?"

"நான் ஒண்ணும் கலக்கலீங்க."

"பின்ன எப்பிடிப்பா கூடும்? ஏரி மண்ணா? அத்த நானே ஒதறிட்டேனே."

ராஜகோபால் துண்டுகளை ஒவ்வொன்றாக விரித்தார். ஐந்தாவது துண்டில், கத்திக் கிழிசலைச் சுற்றி, பட்டு விறைத்துக் கருத்துப் போயிருந்தது. அவர் நகத்தால் சுரண்டினார். பொடி உதிர்ந்தது.

"அது கலாவதியுதுங்க" என்றான் கோதண்டபாணி.

குமாஸ்தா மின்விசிறியை நிறுத்திவிட்டார். தலைவர் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து துணைவிதிப் புத்தகத்தை எடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்கு மனசார இருந்தது. புத்தகத்தில் தேடினார், கிடைத்தும் விட்டது.

"உறுப்பினருடைய சொந்தப் பொருள் எதையும் சங்கம் தன் கையிருப்புல வெச்சுக்கக் கூடாது" என்று படித்தார். "அந்தப் பொண்ணோடத நாம வெச்சுக்கறது தர்மமும் இல்ல. நூத்திப் பத்து கிராம் அறுத்துக் குடுத்துடு ராஜகோபால்."

ராஜகோபால் கத்தரிக்கோலை எடுத்தார். கருத்த இடத்தைச் சுற்றிக் கோணாமல் வெட்டினார். தராசில் வைத்தார். கொஞ்சம் கூட இருந்தது, ஓரத்தில் ஒரு விரல் அகலம் கத்தரித்து எடுத்தார். முள் நடுவில் நின்றது. துண்டை நாலாக மடித்துக் காகிதத்தில் வைத்து நீட்டினார்கள். பெற்றுக்கொண்டதற்குக் கோதண்டபாணி கையெழுத்துப் போட்டான்.

"எடை சரியா இருக்குதான்னு பாத்துக்கப்பா" என்றார் தலைவர், மிகவும் தணிந்த குரலில். "அப்புறமா வந்து கொறையுதுன்னு சொல்லக்கூடாது."

கோதண்டபாணி அதை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தான்.

"சரியாத்தான் இருக்குதுங்க" என்றான்.